பதினோராவது நிமிடத்தில் இறங்கிப் போன நெருப்பு

எங்கள் வெள்ளிக்கரட்டில் அந்த மார்கழி மாதம், கண்டக்டர் வேலப்பன் வீட்டுப் புது அடுப்பில் மூட்டிய நெருப்பு சரியாகப் பதினோராவது நிமிடத்தில் எழுந்து, கண்ணாடிக் கதவைத் தானே தள்ளித் திறந்து, வாசற்படி இறங்கி, பால் சொசைட்டிப் பக்கமாக நடந்து போனது. மூன்று நாள் தொடர்ந்து அப்படிப் போன பிறகுதான் வேலப்பன் கம்பெனிக்குப் போன் செய்தார். போனை எடுத்த பெண் நல்ல பொறுமைசாலி.

"சார், தீ எத்தனை நிமிஷத்துல அணையுது?"

"அணையலம்மா. எந்திரிச்சுப் போயிருது."

"புரியுது சார். பெல்லட் குச்சியில ஈரம் இருக்கான்னு பாருங்க. ஈரமா இருந்தா தீ நிக்காது."

"ஈரமெல்லாம் இல்ல. மூட்டைய தரையிலகூட வைக்கல, பலகை போட்டுத்தான் வச்சிருக்கேன்."

"எரியுற கிண்ணத்துல சாம்பல் அடைச்சிருக்கா? கதவு ரப்பர் சரியா ஒட்டுதா? கரண்ட் ஏறி இறங்குதா?"

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. அது சொசைட்டிகிட்டப் போயி இடது பக்கம் திரும்புது."

அந்தப் பெண் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "இடது பக்கம்னு போட்டுக்கிட்டேன் சார். ஆள் அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டு நன்றியும் சொல்லி வைத்தாள்.

வேலப்பனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கொடைக்கானல் பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், விசிலை மட்டும் ஞாபகமாக வைத்துக்கொண்டவர், கோபம் வந்தால் பேசுவதற்கு முன்னால் அதை எடுத்து ஊதுகிறவர். யாரிடமும் எதையும் கேட்காத மனிதர் என்று பெயர் எடுத்திருந்தார். மழை கொட்டினாலும் பக்கத்து வீட்டில் குடை கேட்காமல் நனைந்துகொண்டே போவார், கல்யாண வீட்டுக்குப் போனாலும் குடிக்கத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டு போவார், அதை ஒரு பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். எங்களுக்கு அது எரிச்சலாக இருக்கும், ஆனாலும் மனிதர் தங்கமானவர், அதனால் விட்டுவிடுவோம்.

எங்கள் ஊரில் அப்படி வாழ முடியாது என்பதுதான் விஷயம். ஏனென்றால் வெள்ளிக்கரட்டில் எந்த வீட்டு அடுப்பையும் தீப்பெட்டி உரசி முதன்முதலாகப் பற்றவைப்பதில்லை. நெருப்பை அடுத்த வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வருவதுதான் முறை, ஓட்டுச் சில்லில் ஒரு கங்கு எடுத்து, சாம்பல் தூவி, கையால் மறைத்துக்கொண்டு வருவோம், அந்த வீட்டு நெருப்பும் அதற்கு முன்னால் வேறொரு வீட்டிலிருந்து அப்படித்தான் வந்திருக்கும். கேஸ் அடுப்பு எல்லா வீட்டிலும் உண்டு, அதை லைட்டரால் கொளுத்திக்கொள்கிறோம், நீலமாக எரிகிற அதை நாங்கள் நெருப்பில் சேர்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டு நெருப்பை வெளியே கொடுக்கமாட்டோம். அடுப்பிலிருந்து சாம்பலை ஒரேயடியாக வழித்து எடுக்கவும் மாட்டோம், அது சாவு வீட்டுக்கு உரியது, ஒரு கைப்பிடியாவது அடியில் விட்டு வைப்போம்.

அப்படிப்பட்ட ஊருக்குள் பட்டனை அமுக்கினால் தானாகப் பற்றிக்கொள்ளும் அடுப்பை வேலப்பன் கொண்டுவந்தது வீம்புக்காக இல்லை, மகளுக்காக. சுகந்திக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. விறகுப் புகை பட்டால் மூச்சு விசில் மாதிரி சத்தம் போடும். வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். சம்பந்தியம்மா வரும்போதே சொல்லிவிட்டார்: மார்கழிப் பனியில் குளிரும் கூடாது, புகையும் கூடாது, டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், நான் அடுத்த வாரம் சனிக்கிழமை காரோடு வந்து பார்ப்பேன், வீடு கதகதப்பாக இல்லையென்றால் பிள்ளையைக் கையோடு கீழே கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அவர் சொன்னதிலும் தப்பு இல்லை.

ஆனால் சுகந்திக்குப் போக மனசில்லை. "அம்மா, எனக்கு இங்கதான் இருக்கணும். வலி வந்தா நீ பக்கத்துல இருக்கணும்" என்று ரஞ்சிதத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், அதை வேலப்பன் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, மறுநாளே திண்டுக்கல் போய் அந்தப் பெல்லட் அடுப்பை வாங்கிக்கொண்டு வந்தார். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, மேலே தொட்டி, தொட்டியில் மரத்தூளை அழுத்திச் செய்த குச்சித் துண்டுகள். பார்க்க ஆட்டுப்புழுக்கை மாதிரியே இருக்கும், நாங்களும் அப்படித்தான் சொன்னோம். உள்ளே ஒரு திருகு சுற்றிச் சுற்றி அதைக் கிண்ணத்தில் கொட்டும், காற்றாடி ஊதும், புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். வந்த அன்றே பழைய விறகடுப்பை இடித்துச் சாம்பலைக் காரட் பாத்தியில் கொட்டினார்.

"ஏங்க, யார் வீட்டுலயாச்சும் ஒரு கங்கு வாங்கியாந்து..." என்று ரஞ்சிதம் ஆரம்பித்தாள்.

"இதுக்கு ஒருத்தரும் வேணாம் ரஞ்சிதம். பட்டன் இருக்கு" என்று சொல்லி அமுக்கினார்.

நெருப்பு வந்தது, அழகாக எரிந்தது, பதினோரு நிமிடம் அறையைச் சூடாக்கியது, பிறகு இறங்கிப் போனது.

அது ஒரு அடைக்கோழி அளவு இருக்கும், ஆரஞ்சு நிறம், நடக்கும்போது லேசாகத் தள்ளாடும். எதையும் எரிக்காது, வேலைக்கு வராமல் ஊர் சுற்றிப் பார்க்க வந்த நெருப்பு எதற்குச் சுடப் போகிறது என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். அது போன வழியில் கல் மேல் படிந்திருந்த உறைபனி உருகி, ஈரம் காய்ந்து, கால் வைக்கச் சுகமான ஒரு தடம் விழுந்தது. காலையில் பால் ஊற்றப் போகிற பெண்கள் அந்தத் தடத்தின் மேலேயே செருப்பில்லாமல் நடந்தார்கள்.

முதல் நாள் அது பால் சொசைட்டியில் போய் உட்கார்ந்தது. பால் கறந்து விரல் விறைத்துப்போய் வந்தவர்கள் சுற்றி நின்று கையை நீட்டிக் காய்ந்துவிட்டு, ஒருத்தரும் ஒன்றும் கேட்காமல் போனார்கள். இரண்டாம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனது. டெய்சி டீச்சரின் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டது, மறுநாள் ஒரு பிள்ளைகூட லீவு எடுக்கவில்லை, தை மாதம் வரை வராமல் இருக்கும் வழக்கமுள்ள சில பெரிய பையன்கள்கூட வந்துவிட்டார்கள். ரேஷன் கடையில் மட்டும் சின்னத் தகராறு. வரிசையில் நடுவில் வந்து நின்றுவிட்டது, பின்னால் நின்றவர் "எல்லாரும் ஏழு மணிலருந்து நிக்கிறோம், இது இப்ப வந்துட்டு" என்று சத்தம் போட, அதற்கு முன்னால் நின்றவர்கள் "குளிருக்கு ஆச்சு, விடுங்கண்ணே, அதென்ன சீனியா வாங்கப் போகுது" என்று சமாதானம் சொன்னார்கள். ஒருநாள் மூன்றேகால் பஸ்ஸில் ஏறி அடுத்த ஊர்வரை போய்விட்டுத் திரும்பியது. இப்போதைய கண்டக்டர் அதற்கு டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் வேலப்பன் வீட்டுக்கே வந்து கேட்டான், "மடியில உக்காந்து வந்துச்சா, சீட்டுல உக்காந்து வந்துச்சா?" என்று அவர் கேட்டுவிட்டு, மடியென்றால் வேண்டாம் என்று முறைப்படி பதில் சொன்னார்.

ஒரு வாரத்துக்குள் எங்களுக்கு அது பழகிவிட்டது, பழகியது மட்டுமில்லாமல் போட்டியும் வந்துவிட்டது. வாசலில் அது உட்காரச் செங்கல் போட்டு வைத்தோம், சிலர் அந்தச் செங்கலுக்குக் கோலமும் போட்டார்கள். நேற்று உங்கள் வீட்டுக்கு வந்ததே, இன்று எங்கள் வீட்டுக்கு வரவிடாமல் ஏன் இழுத்துப் பிடித்து வைத்துக்கொண்டீர்கள் என்று இரண்டு நாத்தனார்கள் குழாயடியில் சண்டை போட்டார்கள். காதுகுத்துப் பத்திரிகை ஒன்றில் "சுற்றமும் நட்பும் நெருப்பும் வருக" என்று அச்சடித்துவிட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் இதைத் தீர்மானமாகப் போடலாமா என்று யோசித்து, எந்தத் தலைப்பில் போடுவது என்று புரியாமல், தெருவிளக்கு என்ற தலைப்பிலேயே எழுதி வைத்தார்.

இத்தனை கூத்திலும் ஒரே ஒரு வீடு மட்டும் சில்லிட்டுக் கிடந்தது, அது நெருப்பின் சொந்த வீடு. சுகந்தி இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, சனிக்கிழமையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலப்பன் தினமும் பட்டனை அமுக்குவார், பதினோரு நிமிடம் குடும்பமே அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும், பிறகு நெருப்பு எழுந்திருக்கும். அவர் கதவுக்குக் கொக்கி போட்டுப் பார்த்தார், அது கொக்கியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போனது. விசில் ஊதிப் பார்த்தார், ஊருக்குள் பழக்கதோஷத்தில் மூன்று பேர் ஓடி வந்து பஸ்ஸைத் தேடினார்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, பழைய பல் பிரஷ் ஒன்றை வைத்து, கம்பெனி கொடுத்த புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அடுப்பைச் சாயங்காலம் முழுக்கத் துலக்கிக்கொண்டிருப்பார்.

புதன்கிழமை கம்பெனி ஆள் வந்தான். அமல்ராஜ் என்று பெயர், திண்டுக்கல்காரன், தோளில் கருவிப் பை, கையில் நீளமான தகரக் குழாய் இரண்டு. வந்ததும் வராததுமாகக் கதவைத் திறந்து எரிகிண்ணத்தை வெளியே எடுத்தவன் முகம் மலர்ந்தது.

"இதுதான் சார். அடியில ஓட்டை ஓட்டையா இருக்குல்ல, அது வழியாத்தான் காத்து வரணும். ஒரு கைப்பிடி சாம்பல அப்படியே விட்டு வச்சிருக்கீங்க. எல்லா ஓட்டையும் அடைச்சுப்போச்சு. தீ எப்படி நிக்கும்?"

வேலப்பன் ரஞ்சிதத்தைப் பார்த்தார். அவர் தினமும் வழித்து எடுப்பதும், அவர் அந்தப் பக்கம் போனதும் இவள் ஒரு கைப்பிடியைத் திரும்பப் போட்டு வைப்பதும் அப்போதுதான் தெரிந்தது. "வயித்துப் பிள்ளைக்காரி இருக்குற வீட்டுல அடுப்ப மொட்டையா வைக்கச் சொல்றீங்களா?" என்று அவள் கேட்டாள். கடைசியில் ஒரு பித்தளைச் சம்புடத்தில் அந்தக் கைப்பிடிச் சாம்பலைப் போட்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது என்று முடிவானது. அமல்ராஜ் ஓட்டைகளைக் கம்பியால் குத்திவிட்டு, காற்றாடியைத் துடைத்து, குழாயைத் தட்டிக் கரி உதிர்த்து, ரப்பரை மாற்றி, பட்டனை அமுக்கினான். நெருப்பு முன்னைவிடப் பளிச்சென்று வந்தது.

"பாத்தீங்களா சார்" என்றான்.

பதினோராவது நிமிடத்தில் நெருப்பு எழுந்து, அவன் பையைத் தாண்டி, அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனது. அமல்ராஜ் வாசல்வரை போய் எட்டிப் பார்த்தான். பிறகு கம்பெனி ஃபாரத்தை எடுத்து, குறைபாடு என்ற இடத்தில் 'அடுப்பில் குறை இல்லை, தீக்கு விருப்பமில்லை' என்று எழுதி, வேலப்பனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான். அன்றைக்குப் பார்த்துக் கணவாயில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. அவன் ஜோதி டீக்கடை மாடியில் தங்கிக்கொண்டான்.

அந்த ஜோதிதான் வியாழக்கிழமை மத்தியானம் வேலப்பனிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அவர் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து, தன் பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, "நாளைக் கழிச்சு சம்பந்தியம்மா வந்துருவாங்க" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். கேட்க எங்களுக்கே கஷ்டமாக இருந்தது.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. அது பகல் பூரா எங்க சுத்துனாலும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க போயி நிக்குதுன்னு தெரியுமா?" என்றாள் ஜோதி.

"எங்க?"

"ஊருக்கே தெரியும். நீங்கதான் கதவச் சாத்திக்கிட்டுப் பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கீங்க, அந்த அடுப்புக்கு. உங்க அக்கா பூண்டு மூட்டத்து வாசல்ல போயி நிக்குது. உள்ள எட்டிப் பாக்குது. பெறகு அப்படியே மங்கி இல்லாமப் போயிருது."

வேலப்பன் எழுந்திருக்கப் போனார். ஜோதி விடவில்லை.

"அதுக்குன்னு யாருமில்லண்ணே. பட்டன அமுக்கிக் கொண்டாந்தீங்க. அது உங்க அம்மா வீட்டு நெருப்பத் தேடுது. அந்த நெருப்பு கடைசியா எங்க இருந்துச்சு, அதுல தண்ணி ஊத்துனது யாருன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?"

அவருக்குத் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேலப்பனின் அக்கா சிட்டம்மா எதிர்வீட்டில்தான் இருக்கிறாள். அறுத்த பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுப் புகை போடுகிற மூட்டம் அவளுடையது, அதில் எரிந்த நெருப்பு அவர்கள் அம்மாவின் அடுப்பிலிருந்து வந்தது, ஊரில் பாதி வீட்டுக்காரர்கள் அங்கேதான் கங்கு வாங்கியிருக்கிறோம். ஆறு வருஷத்துக்கு முன்னால் சுகந்தியின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையன்று காலையில் அந்தப் புகை திரும்பி வந்து வீட்டுக்குள் நிறைந்துவிட்டது, பிள்ளை மூச்சு முட்டி விழுந்துவிட்டாள், பரீட்சை போயிற்று. வேலப்பன் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் மூட்டத்து நெருப்பில் ஊற்றிவிட்டார். வெள்ளிக்கரட்டில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அடுத்தவர் நெருப்பில் தண்ணீர் ஊற்றியதில்லை. சிட்டம்மா அன்றைக்கு அழவும் இல்லை, திட்டவும் இல்லை, அந்த அடுப்பை மறுபடி மூட்டவும் இல்லை. தன் பூண்டை ஜோதி வீட்டு மூட்டத்தில் கொண்டுபோய்த் தொங்கவிட்டாள், தம்பி வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. சுகந்தி வளைகாப்புக்குக்கூட வளையலை ஜோதியிடம் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, பனிமூட்டம் தெருவுக்குள் இறங்குகிற நேரத்தில், வேலப்பன் நெருப்புக்குப் பின்னாலேயே நடந்தார். அது மூட்டத்து வாசலில் நின்றது. அவரும் நின்றார். உள்ளே மூன்று கற்கள், கறுத்துக் குளிர்ந்து, நடுவில் சிலந்தி வலை. நெருப்பு அதைப் பார்த்துக்கொண்டே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, தீக்குச்சி அளவாகி, இல்லாமல் போனது. வேலப்பன் அங்கேயே நின்று முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டதை எதிரே மறைந்து நின்று பார்த்தோம், பார்த்தது தப்புதான்.

ஆனாலும் அன்றைக்கு அவரால் கேட்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை மூன்று தடவை அக்கா வீட்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார், நான்காவது தடவை சிட்டம்மாவே கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள்.

"என்ன, பஸ்ஸு நிக்குமா நிக்காதா?" என்றாள். ஆறு வருஷத்துக்கு அப்புறம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அக்கா," என்றார் வேலப்பன். விசிலைக் கையில் எடுத்தார், திரும்பப் பைக்குள் போட்டார். "அக்கா, நான் ஊத்தியிருக்கக் கூடாது. பிள்ளை விழுந்ததும் புத்தி கெட்டுப்போச்சு. எனக்கு ஒரு கங்கு நெருப்பு வேணும்."

சிட்டம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னைக்கு என்ன கெழமை?"

"வெள்ளி."

"வெள்ளிக்கெழம எவளாச்சும் நெருப்பக் குடுப்பாளா? ஆறு வருசம் விட்டுட்டு வந்து கேக்குறான், அதையும் வெள்ளிக்கெழம பாத்து வந்து கேக்குறான். போ, நாளைக்கு வா."

கதவைச் சாத்திக்கொண்டாள். வேலப்பன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார், ஆனால் நாங்கள் பின்பக்கம் போய்ப் பார்த்ததில் சிட்டம்மா உள்ளே போய் முதல் வேலையாக விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக மூட்டத்துக்குப் போய், மூன்று கற்களையும் நகர்த்திக் கூட்டிப் பெருக்கி, சாணி போட்டு மெழுக ஆரம்பித்திருந்தாள். மெழுகிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே தம்பியைத் திட்டினாள், அதைக் கேட்டதும் எங்களுக்கு உயிர் வந்தது.

அமல்ராஜ் சும்மா இருக்கவில்லை. விஷயத்தை ஜோதியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன், கையில் மிச்சமிருந்த இரண்டு தகரக் குழாயையும் எடுத்துக்கொண்டு மூட்டத்துக் கூரை மேல் ஏறினான். "புகை கீழ சுத்துறதுதான அன்னைக்குப் பிரச்சனை? குழாய ஒசரத் தூக்கிச் சரிவுப் பக்கமாத் திருப்பிட்டா, பிள்ளை வீட்டுக்கு ஒரு பொட்டுப் புகை வராது" என்று சொல்லி, சாயங்காலத்துக்குள் பொருத்தியும் விட்டான். ஆறு வருஷச் சண்டையை அரை நாளில் இரண்டு குழாய் தீர்த்துவிடும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றாமல் போனதை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை பொழுது விடிந்ததும் ஊரே எழுந்து வந்தது. சிட்டம்மா மூட்டத்தில் ஒரு காலத்தில் நெருப்பு வாங்கியவர்கள் எல்லோரும், அதை வாங்கியவர்களிடம் வாங்கியவர்களும், ஓட்டுச் சில்லிலும் கொட்டாங்கச்சியிலும் இடுக்கியிலும் தகரக் குவளையிலும் அவரவர் அடுப்பிலிருந்து ஒரு கங்கை எடுத்துக்கொண்டு, வாயால் ஊதிக்கொண்டு, பனிக்குள் சின்னச் சின்ன வெளிச்சமாக நடந்து வந்தார்கள். சத்துணவுக்கூடத்து அடுப்பிலிருந்து டெய்சி டீச்சர் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு ஒரு கரண்டியில் கொண்டு வந்தார், ஜோதி டீக்கடை அடுப்பிலிருந்து இரண்டாகக் கொண்டு வந்தாள், குழாயடியில் சண்டை போட்ட நாத்தனார்கள் ஒரே சில்லில் ஒரே கங்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லாவற்றையும் அந்த மூன்று கற்களுக்கு நடுவில் போட்டோம். சிட்டம்மா குனிந்து ஒரு தடவைதான் ஊதினாள். அவர்கள் அம்மா வீட்டு நெருப்பு திரும்ப வந்துவிட்டது, புகை குழாயில் ஏறிச் சரிவுப் பக்கம் போனது, எங்களுக்குக் கையைத் தட்டுவதா குலவை போடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தோம்.

வேலப்பன் ஓட்டுச் சில்லோடு வந்து நின்றார். "அக்கா, ஒரு கங்கு குடு."

இந்தத் தடவை சிட்டம்மா கிழமை கேட்கவில்லை. இருப்பதிலேயே பெரிய கங்காகப் பார்த்து எடுத்து வைத்தாள். அவர் அதைக் கையால் மறைத்துக்கொண்டு தெருவைக் கடந்து போக, பின்னாலேயே ஊரும் போனது, சிட்டம்மாவும் வந்தாள், வாசற்படிவரை வந்து அங்கேயே நின்றுகொண்டாள்.

கங்கை எரிகிண்ணத்தில் போடப் போனபோது அமல்ராஜ் கையைப் பிசைந்தான். "சார், வெளித் தீயப் போட்டா வாரண்டி போயிரும்." ரஞ்சிதம் அவனைப் பார்த்த பார்வையில் அவனே நகர்ந்து வழிவிட்டான். கங்கு விழுந்தது, திருகு சுற்றியது, குச்சிகள் பற்றிக்கொண்டன, அந்த அடைக்கோழி அளவு நெருப்பு கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்றது. சுகந்தி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். அமல்ராஜ் கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களைச் சொல்ல ஆரம்பித்தான். ஐந்து என்றான், எட்டு என்றான், பத்து என்றபோது தெருவில் கார் ஹாரன் கேட்டது, சம்பந்தியம்மா கணவாயைத் தாண்டி வந்துவிட்டார் என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

பதினோராவது நிமிடத்தில் நெருப்பு எழுந்தது, கண்ணாடிக் கதவைத் தள்ளியது, இறங்கியது.

சுகந்தி "அப்பா" என்றாள். நெருப்பு எங்கள் கால்களுக்கு நடுவே நடந்து வாசற்படிக்குப் போனது, ஆனால் இறங்கவில்லை. வெளியே நின்றுகொண்டிருந்த சிட்டம்மாவின் எதிரே நின்று அவளை அண்ணாந்து பார்த்தது. அவள் வேறு எங்கேயோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது, வாழ்நாளில் யாரையும் எதையும் கேட்காத மனிதர் ஒரே நாளில் இரண்டாவது தடவையாகக் கேட்டார்.

"உள்ள வாக்கா. உன் மருமக காத்துக்கிட்டு இருக்கா."

சிட்டம்மா வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். நெருப்பு திரும்பியது, அவளுக்கு முன்னால் நடந்தது, நேராக அடுப்புக்குள் ஏறி உட்கார்ந்து, கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டது. பன்னிரண்டாவது நிமிடம் என்று அமல்ராஜ் கத்தினான், பதின்மூன்று என்றான், அதற்குள் யாரும் அவனைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் சுகந்தி அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள், அத்தை மருமகள் வயிற்றைத் தடவிக்கொண்டே "இவ்வளவு கனமா இருக்கு, பொண்ணுதான்" என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சம்பந்தியம்மா உள்ளே வந்தபோது வீடு நிறைய ஆள், வீடு நிறையச் சூடு. ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், பிறகு சால்வையையும் கழற்றினார், பிறகு விசிறி கேட்டார். மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் புகையே இல்லையே என்றார். சாப்பிட்டுவிட்டு, ஒரு தூக்குச் சட்டியில் மலைப்பூண்டு வாங்கிக்கொண்டு, "பிள்ளை பொறந்ததும் போன் போடுங்க" என்று சொல்லி, காரில் தனியாகவே கீழே இறங்கிப் போனார்.

தை பிறந்து ஒன்பதாம் நாள் சுகந்திக்குப் பெண் பிறந்தது. சிட்டம்மாதான் சேனை வைத்தாள், விரலில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுக் குழந்தை நாக்கில் வைத்துவிட்டு, "அத்தை சொன்னது நடந்துச்சா இல்லையா" என்று எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். நெருப்பு அதன்பிறகு வீட்டை விட்டு இறங்கவில்லை. எங்களுக்குத்தான் கொஞ்ச நாள் வெறிச்சென்று இருந்தது, செங்கல்களை எடுக்க மனசு வராமல் வாசலிலேயே விட்டு வைத்திருந்தோம், குழந்தையைப் பார்க்கப் போகிற சாக்கில் அதையும் பார்த்துவிட்டு வந்தோம்.

குழந்தைக்குப் பதினாறு நாள் ஆன அன்று, புதன்கிழமை காலை, வேலப்பன் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சிட்டம்மா கையில் வெறும் ஓட்டுச் சில்லோடு தெருவைத் தாண்டி வந்து வாசலில் நின்றாள்.

"தம்பி, ஒரு கங்கு நெருப்பு குடேன். என் அடுப்பு அணைஞ்சுபோச்சு."

வேலப்பன் குழந்தையை ரஞ்சிதத்திடம் கொடுத்துவிட்டு அவசர அவசரமாக எழுந்தார், இடுக்கியைத் தேடி எடுத்தார், நல்ல கங்காகப் பார்த்து எடுத்தார், அக்காவின் சில்லில் வைத்து, காற்றுப் படாமல் தன் கையாலேயே மறைத்து, அவள் வாசல்வரை கூடவே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார், வரும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. நாங்கள் ஜோதி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். சிட்டம்மா மூட்டத்துக் குழாயில் அப்போதும் புகை வந்துகொண்டுதான் இருந்தது.